கும்பிட்டவரை அடித்த சாம்பியன்

என் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷம் சேலம் ஜில்லாவின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தார். கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கும். ஜில்லா முழுக்கச் சலித்துப் பார்த்தும் அந்த எடையில் குத்துச்சண்டை தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் அகப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒருவர் இவர். பட்டாளத்தில் கற்றுக்கொண்டு, யுத்தம் முடிந்து திரும்பி, சேலத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். இன்னொருவர் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். சட்டம் படிக்க மெட்ராசுக்குப் போய், சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு இதை மட்டும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். இரண்டு பேர் இருந்தால் போதும், ஒருவர் சாம்பியன் ஆகிவிடலாம்.

முதல் சண்டை சேலத்தில் பொருட்காட்சிக் கொட்டகையில் நடந்தது. நான் எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டு சுற்றுவரை யாரும் யாரையும் உருப்படியாக அடிக்கவில்லை. மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது வேலூர்க்காரரின் மாமனார் வந்து சேர்ந்தார். பஸ் தாமதம். முன்வரிசையில் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியைப் பார்த்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

மருமகன் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாமனார் வரும்போது மருமகன் சும்மா நின்றால் அது லேசான விஷயம் இல்லை. பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு போகிற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிடும். அந்த மனிதர் இரண்டு கிளவுஸையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் கும்பிட்டு, வாயில் கவ்வியிருந்த ரப்பரோடு "வாங்க மாமா" என்று சொல்லப் போனார். "வா" மட்டும்தான் வெளியே வந்தது. என் வீட்டுக்காரரின் வலது கை அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது.

பத்து எண்ணினார்கள். எழுந்திருக்கவில்லை. மாமனார் நாற்காலியில் உட்காராமலே நின்றுகொண்டிருந்தார். பட்டறையில் லாரிக்கு சீட் தைக்கிறவர் மீந்த சிவப்பு ரெக்ஸினில் தைத்துக் கொடுத்த பட்டையை இவருடைய இடுப்பில் கட்டினார்கள். கொட்டகையில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. நான் தட்டினேன். பக்கத்திலிருந்த டீச்சர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அன்றிலிருந்து இவருக்கு ஒரு பெயர் வந்தது: கும்பிட்டவரை அடித்தவர். தூங்குகிறவனை அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். விருந்தாளியை வரவேற்கக் கை குவித்தவரை அடித்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் பொறுக்கமாட்டார்கள். நாமக்கல்லிலிருந்து பட்டறைக்கு வரும் லாரி முதலாளிகள் வாசலிலேயே நின்று, "மேஸ்திரி, கும்புட்டுக்கிட்டே வரட்டுங்களா, கையைக் கட்டிக்கிட்டு வரட்டுங்களா?" என்று கேட்பார்கள். என் பள்ளிக்கூடத்துக்கு வரும் பெற்றோர் எனக்கு வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பத்துப் பேரை நிற்க வைத்து நானே குத்துவிட்டிருப்பேன், எந்த எடையாக இருந்தாலும்.

இவர் கோபப்படவில்லை, இளைத்துப்போனார். ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்க சொல்றது கூடப் பரவால்லம்மா. எனக்கே தெரியலை பாரு. அன்னைக்கு அவரு பாட்டுக்குச் சண்டை போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா, இல்லையா? அது தெரியாம அந்தப் பட்டையை எப்படிக் கட்டிக்கிறது?"

சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். பங்குச் சாமியார் கடல் தாண்டி வந்தவர். புத்தகத் தமிழ்தான் பேசுவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் கரத்தினால் அடித்தீர்?" என்று கேட்டாராம். வலது என்று இவர் சொன்னதும் வெகுநேரம் யோசித்து, "வணக்கம் கூறும் மனிதரை அடிப்பது குறித்து எங்கள் நூல்களில் எதுவும் எழுதப்படவில்லை" என்று கையை விரித்துவிட்டார். பாவமா இல்லையா என்று சாமியாருக்கே தெரியாத ஒன்றைச் செய்துவிட்டு இவர் எப்படி நிம்மதியாக இருப்பார்?

ஜில்லா குத்துச்சண்டைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதில் செயலாளர் மட்டும்தான் இருந்தார். ஆட்டையாம்பட்டியில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர், பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிப்பவர். அமெரிக்காவில் உலகப் பட்டத்தைப் பறிகொடுத்தவருக்கு மறுபடியும் ஒருமுறை மோத உரிமை உண்டு என்றும், போன பட்டத்தை அப்படி மீட்டவர்கள் இருக்கிறார்கள் என்றும் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். இவர் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. "உரிமை அவருக்குத்தானே? அவரு கேட்கலைன்னா நான் கேட்கறேன்" என்றார். ஜெயித்தவர் தோற்றவருக்கு, தயவுசெய்து என்னோடு மறுபடி சண்டைக்கு வாருங்கள் என்று எழுதிய கடிதம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். நான்தான் எழுதினேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

சம்மதம் என்று ஒரே வாரத்தில் பதில் வந்தது. நாள் குறிக்கத்தான் ஒரு வருஷம் ஆனது. முதலில் எங்களுக்குத் தவக்காலம். அந்த நாற்பது நாளும் இவர் எறும்பைக்கூட அடிக்கமாட்டார். பிறகு அவர்களுக்குக் கல்யாண மாதங்கள், ஒருநாள்கூட ஒழிவில்லை. ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது. புரட்டாசியில் அவர்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. கவிச்சி சாப்பிடாமல் சண்டை போடமுடியாது என்று அவரே எழுதினார். நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் ஆன்மாக்களுக்கான மாதம். அதற்குப் பின்னால் மார்கழி. இதற்குள் அமெரிக்காவில் இரண்டு பேர் பட்டத்தை வாங்கி, இழந்து, திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

நாள் சரி, நேரம்? அதற்கு அவர்கள் குடும்ப ஜோசியர் இருந்தார். இவருடைய நட்சத்திரம் கேட்டு ஆள் வந்தது. எங்களுக்கு நட்சத்திரம் ஏது? ஞானஸ்நானம் வாங்கிய தேதியைக் கொடுத்தேன். ஜோசியர் அதை வைத்தே கணக்குப் போட்டு, இரண்டு பேருக்கும் வெற்றி நிச்சயம் என்ற நேரமாகப் பார்த்துக் காலை பத்தரைக்குமேல் பன்னிரண்டுக்குள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு கார் எங்கள் சந்துக்குள் நுழையமுடியாமல் தெருமுனையிலேயே நின்றது. வேலூர்க்காரரும் அவர் சம்சாரமும் இறங்கி வந்தார்கள். அவர் கையில் ஒரு வாழைத்தார், அந்த அம்மாள் கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாயை விரித்தேன். பத்திரிகையை என்னிடம் நீட்டினார்கள். சேலம் ஜில்லா ஹெவிவெயிட் பட்டத்துக்கான மறு குத்துச்சண்டையை நிகழும் தை மாதம் சுபயோக சுபதினத்தில் பரமத்தி வேலூர் சந்தை மைதானத்தில் நடத்துவதாகப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டிருப்பதாகவும், சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து இருவரையும் ஆசீர்வதிக்கவேண்டும் என்றும் அச்சடித்திருந்தது. மேலே இடது ஓரத்தில் பிள்ளையார் சுழி, எங்களுக்காக வலது ஓரத்தில் ஒரு சிலுவை. கீழே, இரு வீட்டார் அழைப்பு.

"ஏனுங்க டீச்சரம்மா, குடும்பத்தோட முந்தின நாளே வந்துருங்க. நம்ம ஊட்டுலயே தங்கிக்கலாமுங்க" என்றார் வேலூர்க்காரர். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணா, அன்னைக்கு எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. ஆனா மாமன் வர்றப்ப என்ன பண்றதுங்க?" என்றார். இவர், "என் கை கிளம்பிருச்சுங்க, நிறுத்த முடியலை" என்றார். இரண்டு மலைகளும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றுக்கொன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆளுக்கு ஆறு வாழைப்பழம் தின்றார்கள். இப்படிப்பட்டவர்கள் எதற்காக மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன். அடித்துக்கொண்டே ஆகவேண்டும்.

சம்மதம் வந்த நாளிலிருந்தே, பயிற்சிக்கு ஆள் இல்லாததால் நானே நின்றேன். பள்ளிக்கூடம் போகுமுன் கொல்லையில் இவர் நிற்பார், நான் முறத்தை எடுத்துக்கொண்டு முகத்தைப் பார்த்து வீசுவேன். இவர் தடுக்கவேண்டும். அதுவரை புருஷனை முறத்தால் அடிக்கப் பகிரங்கமாக அனுமதி கிடைத்த பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் நின்று பொறாமையோடு பார்ப்பார்கள். மனதில் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினேன். அத்தனை மாதமும் முகத்தின் இடது பக்கத்தில் ஒருமுறைகூட என்னால் தொடமுடியவில்லை. இவருடைய இடது கை அந்த இடத்தைவிட்டு நகரவே நகராது. மூன்று முறம் பிய்ந்துபோனது.

சண்டையன்று காலையில் எடை போடவேண்டும் என்பது விதி. நூற்று எழுபத்தைந்து ராத்தலுக்கு மேல் இருந்தால்தான் ஹெவிவெயிட். ஆள் ஏறி நிற்கிற தராசு வேலூரில் வெல்ல மண்டியில் மட்டும்தான் இருந்தது. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு, ஒரு தட்டில் நாலு சிப்பம் வெல்லம் வைக்கலாம். எடை போடுகிறவர் ஒல்லியான கிழவர்; முப்பது வருஷமாக அந்தத் தராசின் பக்கத்திலேயே நின்றவர். இவர் நிஜாரோடு தட்டில் ஏறி உட்கார்ந்தார். கிழவர், "லாபம், ரெண்டு, மூணு" என்று, வெல்லத்துக்குப்போலவே ஒன்றுக்குப் பதில் லாபம் சொல்லித் தொடங்கி எண்ணிக்கொண்டு கற்களை அடுக்கினார். முள் நேராக நின்றது. நூற்று எழுபத்தொன்பது. எனக்கு மூச்சு வந்தது.

கிழவர் முடிக்கவில்லை. "சாக்குக் கழிவு ரெண்டு" என்றார்.

"சாக்கு எங்கேங்க இருக்கு?" என்று செயலாளர் கேட்டார்.

"நிஜார் போட்டிருக்காருல்லீங்க." பிறகு இவர் முதுகை விரலால் தொட்டுப் பார்த்தார். "வேர்த்திருக்குதுங்க. ஈரக் கழிவு ரெண்டு. மண்ணு, தூசு ஒண்ணு. ஆக நூத்தி எழுபத்தி நாலு." மண்டி முழுக்கக் கேட்கும்படி உரக்கக் கூவிவிட்டார். அந்த மண்டியில் ஒருமுறை கூவிய எடையை அப்புறம் யார் வந்தாலும் மாற்றமுடியாது. எந்த விவசாயி எதைக் கொண்டுவந்தாலும் கழிவு உண்டு, இவருக்கு மட்டும் விட்டால் நாளைக்கு வெல்லம் கொண்டுவருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கிழவர் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும், நியாயந்தானே என்றார்கள்.

ஆக, ஜில்லாவின் ஹெவிவெயிட் சாம்பியன் ஹெவிவெயிட்டே இல்லை என்று ஆகிவிட்டது. சண்டை கிடையாது, பட்டம் வேலூர்க்காரருக்குப் போகும் என்று செயலாளர் விதிப் புத்தகத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இவர் தட்டிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. பட்டம் போவதற்காக இல்லை. கும்பிட்டவரை அடித்தவன் என்ற பெயரோடே சாகவேண்டும் என்பதற்காக. நான் கிழவரிடம் நாலு வார்த்தை கேட்கப் போனேன். அதற்குள் வேலூர்க்காரர் முன்னால் வந்துவிட்டார்.

"ஏனுங்க பெரியவரே, நானும் அண்ணனும் கூட்டுங்க. ஒரே பாட்டமாப் போட்டுருங்க" என்றார்.

கிழவர் உடனே தலையாட்டினார். இரண்டு பேர் கூட்டாக வெள்ளாமை செய்து கொண்டுவந்தால் ஒன்றாகவே நிறுத்து, ஒரே கழிவு போட்டு, ஆளுக்குப் பாதியாக எழுதுவது மண்டி வழக்கம். வேலூர்க்காரரும் தட்டில் ஏறி இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கிலி முனகியது. மண்டியில் இருந்த கற்கள் போதாமல் பக்கத்து மண்டியில் வாங்கிவந்து அடுக்கினார்கள். முந்நூற்று எண்பத்து மூன்று. கழிவு ஐந்து போக முந்நூற்று எழுபத்தெட்டு. ஆளுக்கு நூற்று எண்பத்தொன்பது. இருவரும் ஒரே எடை என்று செயலாளர் எழுதிக்கொண்டார். வேலூர்க்காரர் தனியாகவே இருநூற்று நாலு ராத்தல் இருந்தார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்படிப் பொருத்தமான ஜோடி அமெரிக்காவில்கூட அமையாது என்று செயலாளர் சந்தோஷப்பட்டார்.

சந்தை மைதானத்தில் கிணற்று வடக்கயிற்றை நாலு பக்கமும் கட்டி மேடை போட்டிருந்தார்கள். மாமனார் விடியும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தபிறகு யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் நாலு பேர் குறுக்கே வண்டியை நிறுத்தியிருந்தார்கள். இரண்டாயிரம் பேர் இருக்கலாம், என்னால் எண்ண முடியவில்லை. இவருக்காக வந்தவள் நான் ஒருத்திதான்.

முதல் சுற்றிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இவர் அவரைவிட நாலு மடங்கு கெட்டிக்காரர். வேலூர்க்காரர் சுற்றிச் சுற்றிக் காற்றை அடித்தார். இவர் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று நிதானமாகக் கொடுத்தார். இரண்டாவது சுற்றில் வேலூர்க்காரரின் கால் பின்னியது. மூன்றாவதில் மூக்கில் ரத்தம். கூட்டம் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒரே ஒண்ணு" என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அடிக்கச்சொல்லி மாதாவிடம் வேண்டலாமா என்று அப்போது யோசிக்கவில்லை.

நாலாவது சுற்றில் இவருடைய இடது கை இறங்கியது.

களைத்துப்போய் இறங்கவில்லை. மெதுவாக, ஏதோ வைக்கவேண்டிய இடத்தில் ஒரு சாமானை வைப்பதுபோல் இறக்கினார். முகம் முழுவதும் திறந்து கிடந்தது. வேலூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு வீசிய அடி நேராகத் தாடையில் விழுந்தது. இவர் மல்லாந்து விழுந்தார். பத்து எண்ணும்வரை எழவில்லை. சந்தை மைதானமே எழுந்து நின்று கத்தியது. வேலூர்க்காரர் மண்டியிட்டு இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று அழுதார். மாமனார் மேடைக்கு வந்து இவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "ஆம்பளைச் சண்டைங்க சாமி" என்றார். வாழ்க்கையில் அத்தனை பேர் இவருக்குக் கை தட்டி நான் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். நாமக்கல் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் முடியவில்லை.

"ஏங்க கையை இறக்கினீங்க?" என்றேன்.

இவருக்கு உதடு வீங்கி, பேச்சு சரியாக வரவில்லை. "பார்த்துட்டியா?" என்றார்.

"ஒரு வருஷமா முறத்தால அடிச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"ரெண்டாவது சுத்துலயே தெரிஞ்சுபோச்சும்மா. அவரால என்னைத் தொடக்கூட முடியலை. அன்னைக்கும் நான்தான் ஜெயிச்சிருப்பேன்." சிரிக்கப் பார்த்தார், வலித்தது. "எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு, தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அவரை அந்த ஊருலயே படுக்க வச்சிட்டு வந்தா, அந்தப் பேரு போயிருமா? இன்னொரு பேரு வந்திருக்கும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ராசிபுரம் போகும் பாதை பிரிகிற இடம்வரை இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குள் தூங்கிவிட்டிருந்தார், நன்றாகக் குறட்டை விட்டு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் இவரைச் சுற்றிக் கூட்டம். வீங்கிய கண்ணோடு நடுவில் நின்றார். ஒவ்வொருவராக வந்து இரண்டு கையையும் குவித்து வணக்கம் சொன்னார்கள். சாமியாரும் வந்து, "நன்றாகத் தோற்றீர்" என்று தட்டிக்கொடுத்தார். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் என் பக்கத்தில் வந்து, "பாவம், ஆனா அந்த வேலூர்க்காரருக்கு முன்னால இவரு எம்மாத்திரம், இல்லீங்களா டீச்சர்?" என்றாள்.

இவர் கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டது போலிருக்கிறது. எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவள் நான். உண்மையைக் கூவிச் சொல்ல அந்தக் கோயில் வாசலைவிட நல்ல இடம் இல்லை.

"ஆமாங்க டீச்சர். அவரு ரொம்பப் பெரிய ஆளுதாங்க" என்றேன்.